ஜிம்னிக்குப் புது சஸ்பென்ஷன்: எடைமேடையிலிருந்து தொடங்கிய தேர்வு

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் தார், ஜிம்னி, குர்கா போன்ற ஜீப் வகை வண்டிகள் பெருகிவிட்ட இந்நாட்களில், அவற்றுக்கு சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பை, மாற்றித் தரும் கடைகளும் பெருகியிருக்கின்றன. ஆனால் அக்கடைகளில் பெரும்பாலானவற்றில் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, ‘எத்தனை இன்ச் தூக்கணும் சார்?’ என்பதுதான். ஆளரவமற்ற பாதைகளில் முழுப் பாரத்தோடு பல நாள் ஓடப்போகிற வண்டிக்கு, அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. பாரம் ஏற்றிய வண்டி மொத்தம் எவ்வளவு எடை நிற்கிறது, அதில் முன் அச்சின் மேல் எவ்வளவு, பின் அச்சின் மேல் எவ்வளவு என்பது தெரியாமல் வாங்குகிற ஸ்பிரிங், எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஒன்றுக்காக ஒப்பிட்டுப் பார்த்த சஸ்பென்ஷன் வகைகளையும், அவற்றுள் தேர்ந்ததையும், சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றில் அதைப் பொருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன். இமாச்சலத்தின் கின்னவுர், ஸ்பிட்டி வழியாக லடாக்கின் ஹான்லே வரை போய்வருவது திட்டம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் சுமார் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயிலும் தொலைநோக்கி வைத்திருக்கிறது என்பதால், இந்தப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அங்கே போய்ப் பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. பாதை அவ்வளவு எளிதன்று. ஸ்பிட்டியின் காசாவிலிருந்து குன்சும் கணவாய் ஏறி இறங்கிக் கிராம்பு வந்து சேரும் 505ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெயரளவில்தான் நெடுஞ்சாலை. அதன் கணிசமான பகுதியில் உருண்டைக் கற்களும் குறுக்கே பாயும் பனியுருகு ஓடைகளும்தான் பாதை.

இத்தகைய பயணத்துக்கென்று சந்தையில் கிடைக்கும் செட்டுகளில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை. ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஓல்டு மேன் ஈமு, டாபின்சன்ஸ், அயர்ன்மேன் 4x4, டஃப் டாக் எல்லாம் அந்நாட்டுப் பெயர்கள். அங்கே இந்தத் தொழில் வளர்ந்ததற்கு அந்நாட்டு உள்நிலமே காரணம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு சுமார் 660 கிலோமீட்டர். பேர்ட்ஸ்வில் டிராக் 517 கிலோமீட்டர். இத்தகைய சரளைப் பாதைகளில், போய்வந்த வண்டிகளின் சக்கரங்களே பாதையின் குறுக்கே வரப்பு வரப்பாக மேடுகளை உண்டாக்கிவிடுகின்றன. முக்கால் மீட்டருக்கு ஒரு வரப்பு என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் வினாடிக்கு ஏறக்குறைய 22 முறை ஏறி இறங்குகிறது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அடக்குவது என்றால், அசைவை உள்ளிருக்கும் ஆயிலின் வழியாகச் சூடாக மாற்றுவது என்று பொருள். மணிக்கணக்கில் இப்படி ஓடும்போது ஆயில் கொதித்து, காற்றோடு கலந்து நுரைத்துப்போனால், ஷாக் அப்சார்பர் பெயருக்குத்தான் இருக்கும். வண்டி துள்ள ஆரம்பித்துவிடும். ஆகவே நீண்ட பயணத்துக்கான ஷாக் அப்சார்பரை, ஒரு பள்ளத்தில் எவ்வளவு மென்மையாக இறங்குகிறது என்பதை வைத்து மதிப்பிட முடியாது. ஆயிரம் பள்ளங்களுக்குப் பிறகும் அதே மாதிரி இறங்குகிறதா என்பதுதான் அளவுகோல்.

ஆஸ்திரேலிய நிறுவனங்களின் அட்டவணையை அப்படியே நம் வண்டிக்கு எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரே வண்டிக்கு லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தர ஸ்பிரிங்குகள் வருகின்றன. பம்பருக்கு முன் பூட்டும் எஃகுத் தடுப்பான புல் பார், அதற்குள் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், இரண்டாவது பேட்டரி என்று முன்பக்கத்தில் நிரந்தரமாக எடை ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம். முன்பக்க ஹெவி ஸ்பிரிங் அவர்களுக்கானது. இங்கோ புல் பார் பொருத்துவதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டது. புல் பார் இல்லாத வண்டியின் முன்பக்கத்தில் ஹெவி ஸ்பிரிங்கைப் போட்டால், மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு பயன் இல்லை. ஸ்டீயரிங் லேசாகி, சிறு பள்ளத்துக்கும் உடம்பு குலுங்கும். வேலூரில் நான் விசாரித்த இடங்களில் ‘ஹெவியே போட்டுடலாம், ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்ற அறிவுரைதான் அதிகம் கிடைத்தது.

எடைமேடைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லாரிகளுக்கு நடுவில் ஜிம்னியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, சீட்டு போடுகிறவர் எட்டிப் பார்த்து, ‘என்ன சார் லோடு?’ என்றார். ‘பெட்டியும் தண்ணியும்தான்ணே, முன்சக்கரம் தனியா, பின்சக்கரம் தனியா போட்டுக் குடுங்க’ என்றதும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். லாரிக்கான மேடையில் பத்து கிலோ முன்பின் இருக்கும். நம் தேவைக்கு அது போதும். ஜிம்னியின் வெற்று எடை, வகையைப் பொறுத்து 1,195 முதல் 1,210 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. அதாவது ஆட்கள், பெட்டிகள், தண்ணீர், கேன் பெட்ரோல், மேலே பூட்டும் கேரியர் எல்லாம் சேர்த்து சுமார் 335 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இரண்டு பேர், 20 லிட்டர் தண்ணீர், டேங்க்கின் 40 லிட்டர் போக ஒரு கேனில் 20 லிட்டர் பெட்ரோல், இழுவைக் கயிறு, கம்ப்ரசர், கூடாரம், சமையல் சாமான் என்று ஏற்றி நிறுத்தியபோதே 1,530 காட்டியது. முன் அச்சில் 710, பின் அச்சில் 820. இந்த வண்டி வெறுமையாக இருக்கும்போது முன்பக்கம்தான் கனம். பாரம் ஏறியதும் கணக்கு தலைகீழாகிவிடுவதையும், ஏறிய எடையில் பெரும்பங்கு பின் அச்சின் தலையிலேயே விழுவதையும் அந்தச் சீட்டு காட்டிக்கொடுத்தது. இரும்பு ரூஃப் கேரியர் வாங்கும் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். கனமான ஸ்பிரிங் போட்டால் அதிக எடை ஏற்றலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கம் தொங்குவதைத்தான் சரிசெய்யும். அச்சு, பேரிங், பிரேக், சட்டகம் எல்லாம் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியேதான் இருக்கின்றன. 1,545 கிலோ என்ற எல்லை, எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் 1,545 கிலோதான்.

ஸ்பிரிங்கின் கணக்கு ஒன்றும் கடினமானதன்று. ஒரு ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு கிலோ எடை வேண்டும் என்று கொள்வோம். பின் அச்சில் நூறு கிலோ கூடினால் பக்கத்துக்கு ஐம்பது. ஆக 25 மில்லிமீட்டர் இறங்கும். அதே இடத்தில் இரண்டரைக் கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் இருந்தால் 20 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆனால் பயணம் முடிந்து, பாரம் இறக்கி, தனி ஆளாக அலுவலகம் போகும்போது அதே விறைப்பு முதுகில் தெரியும். ஆண்டில் பதினொரு மாதம் காலியாக ஓடும் வண்டிக்கு ஒரு மாதப் பாரத்தை நினைத்து ஸ்பிரிங் போடுவதா என்பது ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்ய வேண்டியது. நான் முன்பக்கத்துக்கு லைட், பின்பக்கத்துக்கு மீடியம் என்று தேர்ந்தேன். கடைக்காரர் செட்டாகத்தான் வரும் என்று முதலில் மறுத்தார். ஸ்பிரிங்குகளுக்குத் தனித்தனி எண் இருக்கிறது, எண்ணைச் சொல்லி வரவழைக்கலாம் என்று விடாமல் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார். வாங்குகிறவர்கள் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்ப்பதைவிட, ஸ்பிரிங் மேலுள்ள எண்ணைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஷாக் அப்சார்பரில் இரண்டு வழிகள் உண்டு. மோனோட்யூப் வகையில் ஒரே குழாய். அழுத்தமேற்றிய நைட்ரஜன் வாயுவை ஆயிலிலிருந்து ஒரு தனி பிஸ்டன் பிரித்து வைத்திருப்பதால் நுரைக்க இடமில்லை. ஆயில் இருக்கும் குழாயே வெளிச்சுவராகவும் இருப்பதால் சூடும் சீக்கிரம் வெளியேறும். ஜெர்மனியின் பில்ஸ்டைன் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. தார்ச்சாலையில் இதன் கட்டுப்பாட்டுக்கு ஈடில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சுவரில் கல் தெறித்து ஒடுக்கு விழுந்தால், உள்ளே ஓடும் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூப் வகையில் வேலை செய்யும் குழாய் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெளிக்குழாயில் சிறு ஒடுக்கு விழுந்தாலும் ஓட்டம் நிற்பதில்லை. இதிலேயே ஃபோம் செல் என்று ஒரு வகை: வாயுவுக்குப் பதிலாக, நுண்ணிய குமிழ்கள் அடைபட்ட ஃபோம் ஒன்றை வெளிக்குழாயில் வைத்து, ஆயில் காற்றோடு கலப்பதைத் தடுக்கிறார்கள், குழாயும் பருமனாக இருப்பதால் ஆயிலின் அளவு கூடுதல். இது தோற்றத்தில் முரடு, எடையும் அதிகம், நெடுஞ்சாலை வளைவுகளில் மோனோட்யூபின் கூர்மை இதற்கு வராது. ஸ்பிட்டியின் கற்களை நினைத்து நான் ஃபோம் செல் ட்வின் ட்யூபையே எடுத்தேன். பெரும்பாலும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிற ஒருவர் கேட்டால் மோனோட்யூபைத்தான் சொல்வேன்.

உயரத்துக்கு இப்போது வரலாம். என் செட் தருவது 40 மில்லிமீட்டர். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு, என்பதால், சஸ்பென்ஷனைத் தூக்கினால் உடல்தான் உயருமே தவிர, பாறையில் முதலில் இடிக்கும், அச்சிலுள்ள பல்சக்கர உறையான டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும். உயரம் கூடக்கூட முன் அச்சு சற்றுத் திரும்பி, சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் குணம் மங்குகிறது. அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடு வட்டவாக்கில் இறங்குவதால் அச்சும் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கிறது. இரண்டு இன்ச், மூன்று இன்ச் என்று போகிறவர்கள் காஸ்டர் திருத்தும் ரப்பர் புஷ்ஷுக்கும் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் 90ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். 40 மில்லிமீட்டருக்கும் காஸ்டர் புஷ் போட்டுக்கொண்டேன்; அதன் விலை செட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

உயரம் கூட்ட ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் ஸ்பேசர் என்ற கட்டை மலிவு. ஆனால் பழைய ஷாக் அப்சார்பரே இருப்பதால், அது கீழ்நோக்கி நீளும் தூரத்தை ஸ்பேசர் தின்றுவிடுகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் அப்சார்பர் தன் எல்லையில் ‘டக்’கென்று நின்று அடிவாங்கும். ஸ்பிரிங் சுற்றுகளின் இடுக்கில் சொருகும் ரப்பர் வளையத்தையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். சொருகிய சுற்று வேலை செய்யாமல் போய், மற்றச் சுற்றுகள் அதன் பங்கையும் சுமக்கின்றன. ஊருக்குள் ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை. ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குக்கு (பட்டை அடுக்கு ஸ்பிரிங்) மேல் காற்றுப்பை வைத்துப் பாரம் ஏற்றுவதைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: லீஃப் ஸ்பிரிங் தன் இரு முனைகளில் பகிர்ந்து கொடுக்கும் எடையைக் காற்றுப்பை சட்டகத்தின் ஒரே புள்ளியில் இறக்குகிறது, ஆஸ்திரேலிய உள்நிலத்தில் சட்டகம் வளைந்துபோன பிக்கப்புகளில் இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பட்டறையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பெரும்பாலும் நல்லதாகவே. அங்கே மூத்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன் அவர் செய்தது, நான்கு சக்கரங்களிலும் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, அளவுகளைச் சாக்பீஸால் மட்கார்டின் மேலேயே எழுதியது. டயரில் காற்று கூடக்குறைய இருந்தாலும் இந்த அளவு மாறாது என்பதால், தரையிலிருந்து அளப்பதைவிட இது நம்பகமானது. பழைய ஸ்பிரிங்கை எடுத்ததும், அச்சை முழுவதுமாகக் கீழே தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். வலது முன்பக்க ஒயரின் கிளிப் விறைப்பாக நின்றது. அதைக் கழற்றிச் சற்று கீழே மாற்றிப் பூட்டினார். நான் மிகவும் மெச்சியது அதற்கு அடுத்த வேலையை. அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளை மாட்டி, கையால் முடுக்கியதோடு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ‘தொங்கும்போது டைட் பண்ணக்கூடாது சார். வண்டி கீழ எறங்கி, தன் கால்ல நிக்கட்டும்’ என்றார். புஷ்ஷின் ரப்பர் அதன் உலோகக் குழலோடு ஒட்டிய ஒன்று. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துபோகும். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கிவிட்டு, அதன் பிறகே அடியில் படுத்து, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றையும் முடுக்கி, முடித்த போல்ட்டில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே, வழியில் எங்கும் போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் மெஷின் அங்கே கிடையாது. வேறு கடைக்குப் போக வேண்டும். சொன்ன நாளில் வண்டி கைக்கு வரவில்லை. முகப்பு விளக்கின் ஒளி மேலேறிவிட்டதை நானாகச் சொல்லித்தான் இறக்கி வைத்தார்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும் விஷயம் என்பதால் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கணியம்பாடி, அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையிலும், மலைக்கிராமங்களுக்குப் பிரியும் மண்பாதைகளிலும், பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன். பழைய சஸ்பென்ஷனில் இந்தப் பாரத்துக்குப் பின்பக்கம் 45 மில்லிமீட்டர் இறங்கியது, இப்போது 30. முன்பு, அச்சு மேலேறும் எல்லையில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்த பள்ளங்களில் இப்போது இடிப்பதில்லை. இறங்கியபின் ஒரே ஒரு அசைவில் வண்டி நின்றுவிடுகிறது. கரடுமுரடான இறக்கத்தை முடித்து நிறுத்தியதும் நான்கு ஷாக் அப்சார்பர்களின் சூட்டையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பது ஆஸ்திரேலியப் பயணிகளின் பழக்கம். ஒரே அச்சின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். தொட்டுவிடக் கூடாது, தோல் பொசுங்கும். என் வண்டியில் நான்கும் சமமாகவே இருந்தன. டயரின் காற்றைக் குறைத்ததும் அதே பாதை பாதிச் சிரமமாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த சஸ்பென்ஷனும் இல்லாமலேயே கிடைக்கும் சுகம் அது. ஒரு அளவுமானியும் கம்ப்ரசரும் போதும்.

காலி வண்டியாக ஊருக்குள் ஓட்டும்போது நிலைமை வேறு. ஆபீசர்ஸ் லைன் பக்கத்து வேகத்தடைகளில் பின்பக்கம் முன்பைவிடத் தெளிவாக உதைக்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்த வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் உடல் சாய்வது சற்றுக் கூடியிருக்கிறது, உயரத்துக்குக் கொடுக்கும் விலை அது. காஸ்டர் புஷ்ஷின் தயவால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைவதில்லை. ஆனால் லாரியைக் கடக்கும்போது பக்கவாட்டுக் காற்று முன்பைவிட அதிகம் தள்ளுகிறது.

செலவு, புஷ்ஷும் கூலியும் அலைன்மென்ட்டும் சேர்த்து, ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு ஒதுக்க முடியாதவர்கள் உயரத்தை மறந்துவிட்டு, பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, நல்ல ஷாக் அப்சார்பர் நான்கை மட்டும் மாற்றிப் பாரத்தையும் குறைத்துக்கொண்டால், கிடைக்கும் பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். வேறொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. மிதமான உயர மாற்றத்தைச் சாலையில் யாரும் நிறுத்திக் கேட்பது அரிது என்றாலும், விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். பொருத்துவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் விற்காமல் வீட்டில் வைத்திருங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டையும் மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும். பட்டறையில் அதற்குக் கூலி வாங்குவதில்லை. பயணத்துக்குக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லி பாய் கொடுத்த பட்டியலில் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்று, அதன் மேல், கீழ் ரப்பர்கள், இரண்டு போல்ட், ஒரு 17ஆம் எண் ஸ்பானர் இருக்கின்றன. மொத்தம் ஐந்து கிலோவுக்குள்தான் வரும். அதையும் எடைமேடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாயிற்று.